நூல் காசு மட்டும் வாங்கும் அக்கா தங்கைகளுக்கு

வைகை அணை, ஆண்டிபட்டி, சக்கம்பட்டி, கடமலைக்குண்டு, வருசநாடு, போடி என்று இந்தப் பக்கமெல்லாம் வீட்டில் தையல் மிஷின் மிதிக்கிற அக்கா தங்கைகளுக்கும், மதினிமார்களுக்கும், உங்கள் வீட்டு ஆண்களுக்கும்,



பேறுகாலத்துக்கு வந்த மகளுக்காகவும், கொடைக்கானல் குளிரில் விடுதியில் தங்கிப் படிக்கிற பேரனுக்காகவும் பழைய சேலைகளை அடுக்கிப் போர்வை தைப்பவர்கள் உங்களில் நிறையப் பேர். ஜாக்கெட் தைத்து மிஞ்சிய பிட்டுத் துணியைக்கூட வீணாக்காமல் நிறம் பார்த்து ஒட்டுப்போட்டு, ஓரத்துக்குச் சேலைக் கரையை மடித்துக் கொடுத்து, கடைக்காரன் கண்ணிலேயே பட்டிராத ஒரு பொருளை உண்டாக்கிவிடுகிறீர்கள். பக்கத்துத் தெருப் பெண் அதைப் பார்த்து, "எனக்கும் ஒண்ணு தைச்சுத் தாங்க மதினி, என்ன ஆகும்?" என்று கேட்டால் உடனே வருகிற பதில்: "உனக்குப் போய் வெல சொல்வேனா? நூல் காசு குடு, போதும்."

இந்த மடல் அந்த நூல் காசைப் பற்றியது.

பிரியத்தில் கொடுப்பதைக் கொடுங்கள். மகளுக்குத் தைத்த போர்வைக்குக் கணக்குப் பார்க்கச் சொல்லி யாரும் வரப்போவதில்லை. ஆனால் இதே வேலையை ஒரு குடும்பம் பிழைக்கிற தொழிலாக ஆக்கலாமா என்று உங்களில் சிலர் கேட்கத் தொடங்கியிருக்கிறீர்கள். ஆக்கலாம். அதற்குத் தேவையான சரக்கு முழுவதும் இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே கிடைக்கிறது. கிடைக்காமல் இருப்பது இரண்டு: உங்கள் உழைப்புக்கான விலை, உங்கள் வீட்டாரின் கை.

முதலில் சரக்கு. ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் சக்கம்பட்டியிலும் டி.சுப்புலாபுரத்திலும் நெய்கிற பருத்திச் சேலை உங்களுக்குத் தெரியாததல்ல. உங்களில் பாதிப்பேர் வீட்டில் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள். துவைக்கத் துவைக்க மென்மையாகும் அந்தத் துணிதான் போர்வைக்கு ஏற்றது. பூனம், ஷிஃபான் மாதிரி வழுக்குகிற சேலைகளைச் சேர்த்தால் அடுக்கு நகரும், தையல் சுருங்கும், வேர்வையும் இழுக்காது. பனியன் துணி இழுத்தால் நீளும். நெய்த துணியோடு அதைக் கலந்தால் முதல் சலவையிலேயே போர்வை கோணிக்கொள்ளும். அடர்ந்த நிறச் சுங்குடிச் சேலை என்றால் ஈர வெள்ளைத் துணியால் ஒரு முறை அழுத்தித் துடைத்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அதை வெளிர் நிறத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

அடுத்தது இலவம் பஞ்சு. இலவு காத்த கிளி என்று பழமொழி சொன்னவர் போடிப் பக்கம் வந்ததில்லை போலிருக்கிறது. இங்கே இலவு காத்தவர்கள் வீடு கட்டியிருக்கிறார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறார்கள். போடி மலையடிவாரத்திலும் வருசநாட்டுப் பக்கமும் பங்குனி, சித்திரையில் காய் முற்றி வெடிக்கும். ஓட்டைப் பிளந்தால் பட்டு மாதிரி மின்னுகிற பஞ்சும் அதற்குள் உருண்டை உருண்டையாகக் கருப்பு விதையும். விதை பிரிக்கிற கொட்டகையில் மூக்கில் துணி கட்டாமல் நிற்க முடியாது. ஒரு மூச்சுக்காற்றுக்கே எழும்பிப் பறக்கும். பஞ்சு இழை ஒவ்வொன்றும் உள்ளே காற்று நிறைந்த மெல்லிய குழாய். மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் தண்ணீரில் ஊறாமல் மிதக்கும். அதனால்தான் ஒரு காலத்தில் கப்பல்களில் உயிர்காக்கும் சட்டைகளுக்குள் இதை அடைத்தார்கள். வழவழப்பும் குட்டை இழையுமாக இருப்பதால் நூலாக நூற்பது கடினம். நூலுக்கு ஆகாத பஞ்சு மெத்தைக்கு வந்தது. போடியில் தலையணையும் மெத்தையும் குடும்பத்தோடு செய்கிற தொழிலாக அப்படித்தான் வளர்ந்தது. ஒருவர் பஞ்சை அடைப்பார், ஒருவர் கோணி ஊசியால் வாயைத் தைப்பார், ஒருவர் இடையிடையே முடிச்சுப் போட்டுப் பஞ்சு ஒரு பக்கம் ஒதுங்காமல் நிறுத்துவார், பிள்ளைகள் கம்பால் தட்டிச் சமன் செய்வார்கள்.

ஸ்பாஞ்ச் மெத்தை வந்து அந்தத் தொழிலை நெருக்கியது என்பது ஊரறிந்த கதை. அதைப் பற்றிப் புலம்ப இந்த மடலில் இடமில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்ல வேண்டும். ஊர்ப் பஞ்சு என்ற பாசத்தில் இலவம் பஞ்சைப் போர்வைக்குள் வைத்துத் தைத்துவிடாதீர்கள். அது வெயிலில் காய வைக்கிற பொருள். சலவைக்குப் போட்டால் கட்டி கட்டியாகத் திரண்டு ஒரு மூலையில் போய் உட்காரும். தலையணை, சாய்வு மெத்தை, குழந்தைப் படுக்கை ஆகியவற்றுக்கு இலவம் பஞ்சு; அதுவும் நெருக்கமாக நெய்த கோடு போட்ட மெத்தைத் துணியில். தளர்ந்த நெசவில் பஞ்சு வழிந்துகொண்டே இருக்கும். போர்வைக்கு நடு அடுக்காக இன்னொரு பழைய பருத்திச் சேலையே போதும். நம் வெக்கைக்கு அதற்கு மேல் கனம் தாங்காது.

இப்போது ஒரு போர்வையை எடுத்துக் கணக்குப் போடுவோம். ஒற்றைக் கட்டில் அளவு, அகலம் 60 இஞ்ச், நீளம் 90 இஞ்ச். மேல், நடு, கீழ் என மூன்று அடுக்கு. ஐந்தரை மீட்டர் சேலை இரண்டு இருந்தால் மூன்று அடுக்குக்கும் போதும், ஓரத்துக்கும் மிஞ்சும். ஒட்டுப்போடும் துணி தனி. ஒரு இஞ்ச் இடைவெளியில் ஓட்டுத் தையல் ஓட்டினால் நீளவாக்கில் சுமார் 60 வரி வரும். ஒரு வரி 90 இஞ்ச். 60 வரிக்கு 5,400 இஞ்ச், அதாவது 137 மீட்டர். இஞ்சுக்கு நான்கு தையல் என்றால் மொத்தம் 21,600 தடவை ஊசி ஏறி இறங்குகிறது. கை தேர்ந்தவர் ஒரு வரியை 20 நிமிஷத்தில் முடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தையலுக்கு மட்டும் 20 மணி நேரம். வெட்ட, இணைக்க, ஓரம் மடிக்க இன்னும் நான்கு மணி நேரம். ஆக 24 மணி நேரம், எட்டு மணி வேலையாகப் பார்த்தால் முழுசாக மூன்று நாள்.

2025–26 இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த தினக்கூலி 336 ரூபாய். மூன்று நாளுக்கு 1,008. கண்மாய்க் கரையில் மண் சுமப்பவருக்கு அரசாங்கம் போட்ட கூலியைவிட ஒரு பைசாகூட உங்கள் கைவேலைக்கு நான் கூடுதலாகப் போடவில்லை. அப்படியும் கூலி மட்டுமே ஆயிரத்தைத் தாண்டுகிறது. நூல், துணி, மின்சாரம், பார்சல் எதுவும் இதில் சேரவில்லை. அந்தப் போர்வையை 500 ரூபாய்க்குக் கொடுத்தால், வாங்குபவருக்கு நீங்கள் 500 ரூபாய் மொய் வைக்கிறீர்கள் என்று அர்த்தம். மொய்யாவது திரும்பி வரும்.

"இந்த விலைக்கு யாரு வாங்குவா?" என்று கேட்பீர்கள். சந்தையில் கூவி விற்றால் யாரும் வாங்க மாட்டார்கள்தான். பானிபட் பக்கமிருந்து மிஷினில் அடித்து வருகிற போர்வையோடு விலையில் மல்லுக்கு நிற்காதீர்கள், தோற்றுவிடுவீர்கள். அது வேறு பொருள், இது வேறு பொருள். இதை வாங்குபவர் வேறு ஆள்.

சென்னையில் 2019 ஜனவரியில் இந்திய குவில்ட் திருவிழா என்று ஒன்று நடந்தது. குவில்ட் என்றால் நீங்கள் தைக்கிற அதே அடுக்குத் துணிப் போர்வைதான். டீனா கத்வால் போன்றவர்கள் முன்னின்று நடத்திய அந்த விழாவில் போர்வைகளைச் சுவரில் ஓவியம் மாதிரித் தொங்கவிட்டு, ஜனங்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். நம் வீட்டில் காலுக்கடியில் கிடப்பதை அங்கே சுவரில் மாட்டுகிறார்கள் என்று சிரிக்கத் தோன்றும். சிரித்துவிட்டு, அந்த ஆட்களின் பையில் பணமும் இருக்கிறது என்பதை மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். போடியிலிருந்து சென்னைக்கு 2023 ஜூனிலிருந்து ரயிலே போகிறது.

தொழிலாக மாறிய கதை ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. மிசூரி மாநிலத்தில் ஹாமில்டன் என்று ஒரு சின்ன ஊர்; ஜனத்தொகை இரண்டாயிரத்துக்கும் கீழே, நம் பக்கத்து ஊராட்சி ஒன்றின் அளவு. அங்கே ஜென்னி டோன் என்ற அம்மா பிள்ளைகள் வளர்ந்த பிறகு போர்வை தைக்கக் கற்றுக்கொண்டார். கணவர் ரான் மெக்கானிக். 2008 நிதி நெருக்கடியில் வயதான காலத்துக்கென்று வைத்திருந்த சேமிப்பு ஆட்டம் கண்டது. அம்மா மேல்துணியைத் தைத்துவிட்டு, அடுக்குகளைச் சேர்த்துத் தைக்கிற பெரிய மிஷின் வைத்திருந்தவரிடம் கொடுத்து மாதக்கணக்கில் காத்திருப்பதை மகன் ஆலன் பார்த்தார். அக்கம்பக்கத்தில் இத்தனை பேர் காத்திருந்தால் அது வியாபாரம்தானே என்று அவரும் அவர் சகோதரி சாராவும் சேர்ந்து அம்மாவுக்கு அந்த மிஷினை வாங்கிக்கொடுத்தார்கள். முதலில் பெரிதாக ஓடவில்லை. 2009 இல் அம்மாவைக் கேமராவுக்கு முன் நிறுத்தி, எப்படித் தைப்பது என்று யூடியூபில் இலவசமாகச் சொல்லிக்கொடுக்க வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் 'மிசூரி ஸ்டார்' என்ற அந்தக் குடும்பக் கடை உலகம் முழுக்கத் தெரிந்தது. ஊரில் மூடிக்கிடந்த கட்டடங்களை ஒவ்வொன்றாக வாங்கித் துணிக்கடைகளாக மாற்றினார்கள்.

அந்தக் கதையில் உங்களுக்கு உதவக்கூடிய சங்கதி இரண்டு. ஒன்று, அவர்கள் பெரும்பாலும் விற்றது தைத்து முடித்த போர்வையை அல்ல. துணியையும், அளவாக வெட்டி அடுக்கிய துண்டுகளையும், சொல்லிக்கொடுக்கிற திறமையையும். கைவேலைக்கு ஆகிற நேரத்தைக் குறைக்க முடியாது; நேரம் தின்னாத பக்கத்தில் காசு பார்த்தார்கள். இரண்டு, அம்மா தைத்தார், மகன் இணையத்தைப் பார்த்தார், மகள் கடையைப் பார்த்தார். அம்மா ஒருத்தியே தைத்து, விலை பேசி, கூரியருக்கு ஓடி, ராத்திரி சோறும் ஆக்கவில்லை.

வீட்டு ஆண்களுக்கும் என்று மேலே எழுதியது இதற்காகத்தான். நம் பக்கத்தில் குடும்பத் தொழில் என்றாலே பெண் ஊசி பிடிப்பாள், ஆண் பணத்தைப் பிடிப்பான் என்று ஆகிவிடுகிறது. அண்ணன்மார்களே, நீங்கள் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. மிஷினுக்கு எண்ணெய் போடுவது, போடிக்குப் போய்ப் பஞ்சுத் தரம் பார்த்து வாங்குவது, பழைய சேலைகளைத் துவைத்து வெயிலில் காயப்போடுவது, தலையணைப் பார்சலைக் காற்று போக அமுக்கிக் கட்டுவது. பஞ்சு எடையில் குறைவு, இடத்தில் அதிகம். கூரியர்காரர் அடைக்கிற இடத்துக்கும் காசு போடுவார், அமுக்கிக் கட்டத் தெரிந்தவர் அதில் மிச்சம் பிடிப்பார். கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்குப் போனில் படம் எடுக்கத் தெரியும். காலை வெயிலில் திண்ணையில் போர்வையை விரித்து எடுக்கச் சொல்லுங்கள். தையல் ஓட்டத்தின் மேடு பள்ளம் அந்த வெளிச்சத்தில்தான் தெரியும்.

இன்னொரு கதையும் இருக்கிறது. இது கொஞ்சம் கசப்பு. அலபாமா மாநிலத்தில் ஆறு வளைந்து சூழ்ந்த ஜீஸ் பெண்ட் என்ற ஊர். அடிமைகளாக இருந்தவர்களின் வம்சாவளியினர் வாழ்கிற இடம். கிழிந்த வேலை உடுப்புகள், பழைய ஜீன்ஸ், மாவுப்பை என்று கிடைத்ததை வைத்துக் குளிருக்குப் போர்வை தைத்தவர்கள். 1960களில் ஆற்றுக்குக் குறுக்கே அணை கட்டியபோது அவர்களுடைய நல்ல விளைநிலத்தில் பெரும்பகுதி தண்ணீருக்குள் போனது. அணைக்கரையில் இருக்கிற உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அந்த வட்டாரத்துப் பெண்கள் 1966 இல் ஒரு கூட்டுறவு தொடங்கினார்கள். பெரிய கடைகளிடமிருந்து ஆர்டரும் வந்தது. 2002 இல் அவர்களுடைய போர்வைகள் ஹூஸ்டன் அருங்காட்சியகத்திலும் பிறகு நியூயார்க்கிலும் காட்சிக்கு வந்து கலையுலகத்தையே அசத்தின. 2006 இல் அமெரிக்கத் தபால் துறை அவற்றைத் தபால்தலையாக வெளியிட்டது. மறு வருஷமே, தங்கள் வேலையை வைத்துச் சம்பாதித்தவர்கள் தங்களுக்கு உரிய பங்கைத் தரவில்லை என்று அந்த ஊர்ப் பெண்கள் மூவர் கோர்ட்டுக்குப் போனார்கள். 2008 இல் சமரசமாக முடிந்தது.

புகழ் வந்தால் பணமும் கூடவே வந்துவிடும் என்று நினைப்பவர்கள் அந்த வழக்கை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் போர்வையைப் படம் எடுத்துப்போய் டிசைனை வேறு துணியில் அச்சடிக்க ஒருவர் வருவார். "விளம்பரம் ஆகும்கா" என்பார். ஒரு வெள்ளைத் தாளிலாவது எழுதி வாங்காமல் கொடுக்காதீர்கள்.

டிசைன் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. கர்நாடகத்தில் எல்லாப்பூர், ஹளியாள் காட்டுப் பக்கம் வாழும் சித்திப் பெண்கள் 'கவண்டி' என்று ஒரு போர்வை தைக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் வந்து சேர்ந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். அடித்துணியாகச் சேலையை விரித்து, ஒரு மூலையில் தொடங்கி ஓரத்தைச் சுற்றிச் சுற்றியே உள்நோக்கித் தைத்து நடுவில் வந்து முடிக்கிறார்கள். ஸ்கேல் கிடையாது, வரைந்துகொள்வது கிடையாது. நான்கு மூலையிலும் முக்கோணமாக மடித்த துணியைப் 'பூ' என்று வைத்தால்தான் போர்வை முழுமையடையும் என்பது அவர்கள் வழக்கம். ஒரு கவண்டியைப் பார்த்ததும் எந்த ஊர்க் கை என்று சொல்லிவிடலாம். நீங்களும் யாருடைய இணையப் படத்தையும் பார்த்து நட்சத்திரமும் அறுகோணமும் தைக்க வேண்டாம். சக்கம்பட்டிச் சேலைக் கரை ஓரமாக வந்தாலே அது ஆண்டிபட்டிப் போர்வை ஆகிவிடும். முதலமைச்சர்களைச் சட்டசபைக்கு அனுப்பியே பேர் வாங்கிய ஊர், ஒரு போர்வைக்கும் பேர் வாங்கட்டுமே.

எந்த வேலையை முதலில் எடுப்பது? என்னைக் கேட்டால், அப்பத்தா சேலையை எடுங்கள். இறந்துபோன பாட்டியின் சேலைகளை என்ன செய்வதென்று தெரியாமல் பெட்டிக்குள் வைத்திருக்கிற குடும்பங்கள் தேனி மாவட்டத்திலேயே ஆயிரக்கணக்கில் இருக்கும். தூக்கிப்போட மனசு வராது, உடுத்தவும் முடியாது. சில வீடுகளில் இறந்தவர் துணியைத் தொடவே தயங்குவார்கள். அவர்களை வற்புறுத்த வேண்டாம். ஆனால் திருப்பூரிலும் சென்னையிலும் துபாயிலும் இருக்கிற பேரப்பிள்ளை, அந்தச் சேலைகளைக் கொடுத்து ஒரு போர்வையாக வாங்கிக்கொள்ள முடியுமென்றால் விலையைப் பார்க்க மாட்டான். உங்களுக்கோ துணிச் செலவு இல்லை, சரக்கு தேங்காது, விற்காமல் கிடக்குமோ என்ற கவலை இல்லை. வாங்குகிற காசு முழுக்க உழைப்புக்கான காசு. பாதியை முன்பணமாக வாங்கிக்கொண்டு ஊசியை எடுங்கள். ஒரு மூலையில் பாட்டியின் பெயரைத் தைத்துக் கொடுங்கள். அதற்குத் தனிக் கூலி போடத் தயங்காதீர்கள்.

கையால் ஓட்டுவதற்கு நேரமில்லை என்றால் மிஷினில் ஓட்டுங்கள், தப்பில்லை. ஆனால் மிஷின் தையலைக் கைத்தையல் என்று சொல்லி விற்காதீர்கள். இந்தத் தொழிலில் வாங்குபவர் போர்வையைத் திருப்பிப் பார்ப்பார், திருப்பினால் தெரிந்துவிடும்.

கடன் விஷயம். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கிராமப்புறப் பெண்களுக்குத் திட்ட மதிப்பில் 35 சதவீதம் மானியம் உண்டு. உங்கள் பங்காக 5 சதவீதம் போட வேண்டும். மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டால் விவரம் சொல்வார்கள். மகளிர் குழுக்களின் பொருள்களுக்கு 'மதி' என்ற பெயரில் விற்பனையும் நடக்கிறது. இதெல்லாம் நல்லதுதான். என்றாலும் மானியம் கிடைக்கிறதே என்று முதல் வேலையாகப் பெரிய மிஷினுக்கு எழுதிப்போடாதீர்கள். தவணை மாதாமாதம் தவறாமல் வரும், ஆர்டர் அப்படி வராது. வீட்டில் இருக்கிற மிஷினிலேயே சில போர்வைகளை முழு விலைக்கு விற்றுப் பாருங்கள். வாங்கியவர் அடுத்தவரைக் கூட்டி வந்தால் அப்புறம் வங்கிப் படியேறுங்கள்.

கணக்கு எழுத நோட்டு ஒன்று போடுங்கள். வைகை அணையில் தண்ணீர் 66 அடியைத் தொட்டால் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது என்று கரையோர ஜனங்களுக்குச் சொல்ல ஆள் இருக்கிறது. உங்கள் தொழில் நட்டத்தில் போகும்போது சங்கு ஊத யாரும் வரமாட்டார்கள். அந்த நோட்டுதான் சொல்லும். உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம், நூல்கண்டு விலை, பஸ் காசு எல்லாவற்றையும் எழுதுங்கள். சமையலுக்கு எழுந்த நேரத்தைக் கழித்துவிடுங்கள். மிச்சத்தில் ஐந்து நிமிஷத்தைக்கூட விடாதீர்கள்.

தொழில் பதிவும் வங்கிக் கணக்கும் தைப்பவர் பெயரில் இருக்கட்டும். மாமியார், மருமகள் இருவரும் தைத்தால் இருவர் பெயரிலும். பணம் வந்த பிறகு வீட்டுக்காக எவ்வளவு எடுப்பது என்பதை எல்லோருமாக உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம். யாருடைய பெயரில் என்பதில் மட்டும் பேச்சுக்கே இடம் வைக்காதீர்கள்.

அடுத்த முறை பக்கத்துத் தெருப் பெண் வந்து என்ன விலை என்று கேட்டால், நோட்டைப் பார்த்துச் சொல்லுங்கள். அவர் முகம் மாறலாம், வாங்காமலும் போகலாம். சொன்ன விலையைக் குறைக்காதீர்கள்.

அன்புடன்,
இந்தப் பக்கத்துக்காரி ஒருத்தி